மீன்குஞ்சு சத்தம் கேட்டுத் துள்ளுவதை மில்லிவினாடிக் கணக்கில் அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மீன் துள்ளியதா இல்லையா என்று மட்டும் எண்ணி வைத்தால் இந்தச் சோதனையில் பாதி வீண். அதிர்வு தண்ணீரை எட்டியதற்கும் உடல் வளையத் தொடங்கியதற்கும் நடுவே எத்தனை மில்லிவினாடி ஓடியது என்பதுதான் முக்கியம். ஏறக்குறைய 5 முதல் 12 மில்லிவினாடிக்குள் வளைந்தால் மூளைக்குள் ஒரு வழி வேலை செய்திருக்கிறது. அது குறுந்தாமதத் துள்ளல். 20-ஐத் தாண்டினால் அது வேறு வழி, நெடுந்தாமதத் துள்ளல். கண்ணுக்கு இரண்டும் ஒரே துள்ளல்தான். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிச் சராசரி போட்டால், கொடுத்த மருந்து எதைத் தொட்டது, மரபுத் திரிபு எதைக் கெடுத்தது என்று ஒன்றும் பிடிபடாது.

இங்கே சொல்வதெல்லாம் வரிக்குதிரை மீனின் குஞ்சை வைத்து. வண்ணமீன் கடைகளில் ‘ஜீப்ரா’ என்று விற்கிறார்களே, அதே டேனியோ ரெரியோதான். நம் துணைக்கண்டத்து மீன். கங்கைப் பகுதி மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் இதைப் பதிவு செய்தார். ஐந்து நாள் குஞ்சு 4 மி.மீ. நீளம்தான் இருக்கும். கண்ணாடி மாதிரி உடல் என்பதால் மூளையைத் திறக்காமலே உள்ளே பார்க்கலாம்.

முதலில் வழி தெரிய வேண்டும்

மீனின் சதை கிட்டத்தட்ட தண்ணீரின் அடர்த்தி கொண்டது. ஒலியலை வந்தால் தண்ணீரோடு சேர்ந்து மீனும் ஆடும். உட்செவிக்குள் இருக்கும் செவிக்கல் மட்டும் மூன்று மடங்கு கனம், அதனால் பின்தங்கும். கல்லுக்கும் அடியிலுள்ள முடிச்செல்களுக்கும் (முடி போன்ற நீட்சி கொண்ட உணர்வுச் செல்கள்) இடையே ஏற்படும் அந்த நழுவலைத்தான் மீன் ஒலியாகக் கேட்கிறது. குஞ்சின் ஒவ்வொரு காதிலும் ஐந்தாம் நாளில் இரண்டு செவிக்கற்கள் இருக்கும். மூன்றாவது பிறகுதான் வரும். காற்றுப்பையின் அசைவைக் காதுக்குக் கடத்தும் வெபர் எலும்புகளும் இந்த வயதில் வேலைக்கு வந்திருக்காது. ஆகவே குஞ்சு உணர்வது பெரும்பாலும் அசைவை, அழுத்தத்தை அல்ல. சோதனைக் கருவியை அமைக்கும்போது இந்த ஒரு வரியை மறந்தவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

காதிலிருந்து கிளம்பும் எட்டாம் மூளை நரம்பின் இழைகள் பின்மூளையின் நான்காம் கண்டத்துக்குப் போகின்றன. அங்கே இடமும் வலமுமாக இரண்டு ராட்சத நியூரான்கள் இருக்கின்றன. லுட்விக் மாத்னர் 1859-இல் விவரித்ததால் அவை மாத்னர் செல்கள். காது நரம்பு இவற்றின் பக்கவாட்டுக் கிளையில் வந்து முடிகிறது. அந்தச் சந்திப்பில் வேதிப்பொருளும் கடக்கும், மின்னோட்டம் நேராகவும் பாயும். வேதிப்பொருள் சுரந்து, மிதந்து, ஒட்டும் வரை காத்திருக்கத் தேவையில்லாததால் நேரம் மிச்சம். அடிப்புறக் கிளைக்குக் கண்ணிலிருந்து செய்தி வருகிறது. அறையில் விளக்கு அணைந்து எரிந்தால் ஒலிச் சோதனை கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாத்னர் செல் ஒரே ஒரு துடிப்பு விட்டால் போதும். அதன் ஆக்சான் (செய்தியைக் கொண்டுபோகும் நீண்ட இழை) நடுக்கோட்டைக் கடந்து எதிர்ப்பக்கத் தண்டுவடத்தில் வால்வரை இறங்கி, வழிநெடுக இயக்க நியூரான்களைத் தூண்டுகிறது. இடது செல் சுட்டால், அதாவது துடிப்பு விட்டால், வலது தசைகள் ஒன்றாக இறுகி உடல் வலப்புறம் வளையும். அதே நொடியில் அந்த ஆக்சான், மறுபக்கத்தைக் கிளைசீன் என்ற வேதிப்பொருள் மூலம் அமர்த்தும் நியூரான்களையும் எழுப்பிவிடுகிறது. இந்தத் தடை இல்லையென்றால் இரு பக்கமும் சேர்ந்து இறுகும். கிளைசீன் ஏற்பி பழுதான ‘பேண்டோனியன்’ என்ற திரிபுக் குஞ்சில் அப்படித்தான் நடக்கிறது: வளைய வேண்டிய உடல், துருத்திப் பெட்டி மடங்குவதுபோல் நீளவாட்டில் குறுகிவிடும். நல்ல குஞ்சில் உடல் ‘சி’ என்ற ஆங்கில எழுத்துபோல் வளைந்து, எதிர்த்திசையில் ஒரு வெட்டு வெட்டி, பிறகு நீந்திப் போகும்.

இந்த வழி வேகமானது, ஆனால் கண்மூடித்தனமானது அல்ல. மாத்னர் செல்லைத் தூண்டும் அதே காது நரம்பு, அதை அடக்கும் நியூரான்களையும் தூண்டுகிறது. மெல்லிய ஒலிக்கெல்லாம் துள்ளாதபடி பிடித்து வைப்பது இந்தத் தடைதான். பழகிப்போதலையும் (திரும்பத் திரும்ப வரும் ஒலிக்குத் துள்ளல் குறைவது) முன்துடிப்பு அடக்கத்தையும் (முன்னால் வரும் மெல்லிய துடிப்பால் துள்ளல் குறைவது) அளக்கும்போது, இந்தத் தூண்டலுக்கும் தடைக்கும் நடக்கும் இழுபறியைத்தான் அளக்கிறீர்கள்.

நெடுந்தாமதத் துள்ளலுக்கு மாத்னர் செல் தேவையில்லை. இரு செல்களையும் லேசரால் அழித்த குஞ்சும் அதைச் செய்யும்.

படி 1: குஞ்சு வளர்ப்பு

முட்டைகளை 10 செ.மீ. பெட்ரி தட்டு ஒன்றுக்கு 50-க்கு மேல் போடாதீர்கள். வெப்பம் 28.5 டிகிரி செல்சியஸ், வெளிச்சம் 14 மணி நேரம், இருட்டு 10 மணி நேரம். வளர்க்கும் நீர் ‘ஈ3’. அதன் 60 மடங்குக் கரைசலுக்கு ஒரு லிட்டரில் சோடியம் குளோரைடு 17.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.76 கிராம், இரு நீர் மூலக்கூறு கொண்ட கால்சியம் குளோரைடு 2.9 கிராம், ஏழு நீர் மூலக்கூறு கொண்ட மக்னீசியம் சல்பேட் 4.9 கிராம். பயன்படுத்தும்போது இதில் 16.7 மி.லி. எடுத்து ஒரு லிட்டராக்கவும். உப்புப் பொட்டலத்தில் நீர் மூலக்கூறு எத்தனை என்று பார்க்காமல் எடை போட்டால் கால்சியம் அளவு மாறிவிடும். செத்த முட்டைகளைத் தினமும் எடுங்கள்.

சோதனை 5 அல்லது 6-ஆம் நாளில். அதற்கு முன் நீச்சலும் காற்றுப்பையும் சரியாக அமைந்திருக்காது. 7-ஐத் தாண்டினால் மஞ்சள்கரு தீர்ந்து பசி சேர்ந்துகொள்ளும். காலையில் நுண்ணோக்கியில் ஒவ்வொரு குஞ்சையும் பாருங்கள். காற்றுப்பை உப்பியிருக்க வேண்டும், உடல் நேராக இருக்க வேண்டும், பக்கவாட்டில் சாயாமல் நிமிர்ந்து மிதக்க வேண்டும். காற்றுப்பை உப்பாத குஞ்சு அடியில் கிடக்கும். அதன் துள்ளலும் குறைவு, வளைவும் கோணல். அதைத் தயங்காமல் ஒதுக்குங்கள். ஆனால் எத்தனையை ஒதுக்கினீர்கள் என்று எழுதி வையுங்கள். ஒரு திரிபுக் கூட்டத்தில் மட்டும் பாதிக்கு மேல் ஒதுக்க நேர்ந்தால் அதுவே ஒரு முடிவு.

வளர்ப்பில் நியோமைசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் வேண்டாம். அவை முடிச்செல்களைக் கொல்பவை. குறிப்பாகத் தோலின் மேலிருந்து நீரோட்டத்தை உணரும் பக்கக்கோட்டு முடிச்செல்கள் சட்டென்று சாகும். நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியை முட்டை எடுப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். தானாக இரை தேடத் தொடங்கிய குஞ்சைப் பல நாட்டுச் சட்டங்கள் முழு விலங்காகவே கணக்கில் கொள்கின்றன.

படி 2: தட்டும் அதிர்வியும்

காற்றில் ஒலிபெருக்கியை வைத்து நீரில் இருக்கும் மீனுக்குக் கேட்கவைப்பது வீண் வேலை. காற்றிலிருந்து நீருக்குள் நுழையும்போது ஒலி ஆற்றலில் ஏறக்குறைய 99.9 சதவீதம் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். அதோடு, நீரில் 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். சில செ.மீ. தட்டுக்குள் ‘இத்தனை டெசிபல் ஒலி’ என்று எழுதுவதில் பொருள் இல்லை. தட்டையே ஆட்டுங்கள்.

மின்காந்த அதிர்வி ஒன்றின் மேல் சிறு அக்ரிலிக் தட்டைத் திருகால் இறுக்கிப் பொருத்தவும். தட்டில் 9 மி.மீ. சதுரக் கட்டங்கள், ஆறுக்கு ஆறாக 36. கட்டத்துக்கு ஒரு குஞ்சு. ஒரே கட்டத்தில் இரண்டு விட்டால் ஒன்று துள்ள, அது கிளப்பும் நீரலையில் மற்றதும் துள்ளும். நீர் 4 மி.மீ. உயரம், அதாவது கட்டத்துக்குச் சுமார் 0.3 மி.லி. எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவு இருக்கட்டும். குழாயில் அளந்தே ஊற்றுங்கள். குமிழி இருந்தால் ஊசி முனையால் உடைத்துவிடுங்கள்.

பொருத்தும் இடத்தில் இரட்டை ஒட்டு நாடா கூடாது. அது ரப்பர்போல் அதிர்வை விழுங்கும், நாளாக நாளாக அளவும் மாறும். தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் முடுக்கமானியை ஒட்டி ஒரே தூண்டலைக் கொடுத்துப் பாருங்கள். மூலைக்கும் நடுவுக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்தால் தட்டு நெளிகிறது என்று பொருள். தடித்த அக்ரிலிக்குக்கு மாறுங்கள், அல்லது ஓரக் கட்டங்களைப் பயன்படுத்தாதீர்கள். அதிர்வி வைத்த மேசை, உறைபெட்டியின் கம்ப்ரெசரோ நீரேற்றியோ தொடும் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது.

தூண்டல் 1000 ஹெர்ட்ஸ் சைன் அலை, 3 மில்லிவினாடி. அதாவது சரியாக மூன்று முழுச் சுற்று, சுழியில் தொடங்கிச் சுழியில் முடிய வேண்டும். நடுவில் வெட்டினால் ‘டக்’ என்று ஓர் அகல அலைவரிசைச் சத்தம் சேரும். எதற்கு மீன் துள்ளியது என்று பிறகு சொல்ல முடியாது.

படி 3: கேமரா

வினாடிக்கு 1000 படம். இதில் சமரசம் செய்ய இடமில்லை. கைப்பேசியின் 240 பட மெதுவோட்டத்தில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 4.2 மில்லிவினாடி. துள்ளியது தெரியும், 11-ஆ 15-ஆ என்று தெரியாது. சாதாரண 30 படக் காணொளியில் இடைவெளி 33 மில்லிவினாடி, குறுந்தாமதத் துள்ளல் இரண்டு படங்களுக்கு நடுவிலேயே தொடங்கிவிடும். சில கைப்பேசிகள் காட்டும் 960 படம், மென்பொருள் இட்டு நிரப்பிய பொய்ப்படங்களாக இருக்கலாம், அவற்றை நம்பாதீர்கள்.

கீழிருந்து 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்.இ.டி. பலகை, அதன்மேல் ஒளிபரப்பும் வெள்ளை அக்ரிலிக். மேலே கேமரா, லென்சில் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் வடிகட்டி. தனியாக ஒரு வெள்ளை விளக்கு மாறாமல் எரியட்டும். திடீர் இருட்டுக்குக் குஞ்சு வேறொரு பெரிய வளைவைச் செய்யும்.

1024-க்கு 1024 படத்தில் 60 மி.மீ. பரப்பைப் பிடித்தால் ஒரு மி.மீ.க்கு 17 புள்ளி. 4 மி.மீ. குஞ்சு 68 புள்ளி நீளம் வரும். தலையின் திசையைக் கணக்கிட இது போதும். ஆனால் இந்த வேகத்தில் வினாடிக்கு ஒரு கிகாபைட் குவியும். ஒவ்வொரு தூண்டலுக்கும் முன் 30, பின் 120, ஆக 150 மில்லிவினாடியை மட்டும் சேமியுங்கள். அப்படியும் நூறு தூண்டலுக்கு 16 கிகாபைட் ஆகும்.

எல்லாரும் இடறி விழும் இடம் நேர ஒத்திசைவு. கணினியில் ‘ஒலி’ என்று கட்டளை கொடுத்த நேரமும் அதிர்வி அசைந்த நேரமும் ஒன்றல்ல. ஒலி அட்டை இடையில் தேக்கி வைத்து அனுப்பும், அந்தத் தேக்கம் ஒவ்வொரு முறையும் வேறு. எளிய தீர்வு இதுதான்: இரட்டை வழி ஒலியில் ஒரு வழி அதிர்விக்கு, மறுவழி, டிரான்சிஸ்டர் வழியாகப் படத்தின் மூலையில் தெரியும் சிறு எல்.இ.டி.க்கு. இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதால் விளக்கு எரிந்த படமே சுழி. விளக்குக்கும் தட்டு அசைவதற்கும் உள்ள நிலையான தாமதத்தை முடுக்கமானியால் ஒருமுறை அளந்து கழித்துவிடுங்கள். விளக்கு குஞ்சுக்குத் தெரியாதபடி அகச்சிவப்பாக இருக்கட்டும்.

படி 4: தூண்டல் வரிசை

தட்டில் விட்ட பிறகு அரை மணி நேரம் தொடாதீர்கள். உறிஞ்சு குழாயில் எடுத்துவிட்ட அதிர்ச்சி அடங்க வேண்டும்.

முதலில் உணர்திறன். ஆறு வலிமைகள், மிக மெல்லியதற்கு பத்தில் ஒரு குஞ்சும் மிக வலியதற்குப் பத்தில் எட்டும் குறுந்தாமதத்தில் துள்ளுமாறு உங்கள் கருவியிலேயே தேர்ந்து, முடுக்க அளவில் குறித்து வையுங்கள். ஒவ்வொன்றும் பத்து முறை, வரிசை கலைத்து, 20 வினாடி இடைவெளியில். இதற்குக் குறைத்தால் மீன் பழகத் தொடங்கும். நடுவே பத்து வெறும் பதிவுகளும் எடுங்கள்: கேமரா ஓடும், அதிர்வு இருக்காது. குஞ்சு தானாகவே அடிக்கடி திரும்பும். அந்தத் தற்செயல் வீதம் தெரியாமல் நெடுந்தாமதத் துள்ளலை எண்ணவே முடியாது.

அடுத்தது முன்துடிப்பு அடக்கம். மிக மெல்லிய துடிப்பு ஒன்று, 300 மில்லிவினாடி கழித்து வலியது. வலியது மட்டும் தந்தபோது வந்த வீதத்திலிருந்து இரண்டும் தந்தபோது வந்ததைக் கழித்து, முதலாவதால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். முன்துடிப்பு தானே துள்ள வைக்கும் அளவுக்கு வலிமையாக இருந்தால் கணக்கு பாழ். முன்துடிப்பை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தே தொடங்குங்கள்.

பழகிப்போதல் கடைசியில். வலிய தூண்டல் 40, ஒரு வினாடி இடைவெளியில். நல்ல குஞ்சில் 30 முறைக்குள் துள்ளல் வீதம் பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். இதைக் களைப்பு என்று எண்ணிவிடாதீர்கள். நாற்பதாவது தூண்டல் முடிந்ததும் மெல்லிய நைலான் இழையால் வாலைத் தொடுங்கள். தசை களைத்திருந்தால் அதற்கும் அசையாது. பழகியிருந்தால் பாய்ந்து ஓடும். நியூரான்களில் இருக்கும் என்எம்டிஏ என்ற ஏற்பியைத் தடுக்கும் கெட்டமைன் போன்ற மருந்தில் பழகுதல் குறைகிறது, அதாவது மீன் துள்ளிக்கொண்டே இருக்கும். களைப்பாக இருந்தால் அப்படி நடக்க வழியில்லை.

மருந்தைக் கரைக்க டைமெத்தில் சல்பாக்சைடு சேர்த்தால், அதே அளவு அதை மட்டும் கொண்ட ஒப்பீட்டுக் குழு கட்டாயம். அளவு 1 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும்.

படி 5: படத்திலிருந்து எண்ணுக்கு

இரு கண்களின் நடுவிலிருந்து காற்றுப்பைக்கு ஒரு கோடு, அதுதான் தலைத்திசை. வால்வரை ஏழெட்டுப் புள்ளிகள். பின்னணியைக் கழித்துச் செய்யலாம், டீப்லேப்கட் போன்ற மென்பொருளைப் பழக்கியும் செய்யலாம். பழக்கும்போது நேராக நீந்தும் படங்களை மட்டும் குறித்துக் கொடுத்தால், வளைந்த நொடியில் வாலும் தலையும் இடம் மாறி விழும். கூர்மையாக வளைந்த படங்களை வேண்டுமென்றே சேருங்கள்.

துள்ளலின் தொடக்கம் என்பது, தலைத்திசை ஒரே பக்கமாக விடாமல் திரும்பத் தொடங்கிய முதல் படம். வளைவின் உச்சத்தைத் தாமதமாக எடுத்தால் ஒவ்வொரு குஞ்சுக்கும் சில மில்லிவினாடி தவறாகக் கூடும்.

தாமதங்கள் எல்லாவற்றையும் ஒரு மில்லிவினாடிப் பெட்டிகளாக வரைந்து பாருங்கள். இரண்டு திமில் தெரியும். நடுவிலுள்ள பள்ளம்தான் உங்கள் எல்லைக்கோடு. பெரும்பாலும் 12 முதல் 15-க்குள் விழும். மற்றவர் எழுதிய எண்ணை அப்படியே எடுத்தாளாதீர்கள். வெப்பம் இரண்டு டிகிரி குறைந்தாலே திமில் வலப்பக்கம் நகரும். ஒரே திமில் தெரிந்தால் நேர ஒத்திசைவு நடுங்குகிறது, அல்லது கேமரா படங்களைத் தவறவிடுகிறது. இரண்டு திமிலும் சேர்ந்தே நகர்ந்திருந்தால் நிலையான தாமதத்தைக் கழிக்க மறந்துவிட்டீர்கள்.

புள்ளியியலில் ஓர் எச்சரிக்கை. ஒரு குஞ்சின் அறுபது தூண்டல்கள் அறுபது மாதிரிகள் அல்ல. குஞ்சுதான் மாதிரி. ஒரே தாயின் முட்டைகள் ஒன்றுபோல் நடக்கும் என்பதால், குறைந்தது மூன்று தனித்தனி முட்டைத் தொகுதிகளில் திரும்பச் செய்யுங்கள். திரிபுக் குஞ்சா என்ற மரபணுச் சோதனையை நடத்தை அளந்து முடித்த பின் செய்வது நல்லது. முன்பே தெரிந்தால் கை தானாகவே ஒரு பக்கம் சாயும்.

படி 6: மாத்னர் செல்தானா என்று உறுதி செய்வது

குறுந்தாமதத் துள்ளல் குறைந்தது என்று கண்டவுடன் மாத்னர் செல்லின் மேல் பழி போடாதீர்கள். காது கெட்டிருக்கலாம், தசை கெட்டிருக்கலாம். வாலைத் தொட்டால் பாய்கிறது, அதிர்வுக்கு மட்டும் பாயவில்லை என்றால் காதுப் பக்கம் தேடுங்கள். நுண்ணோக்கியில் இரு செவிக்கற்களும் சரியான அளவில் இருக்கின்றனவா பாருங்கள். ஒன்று காணாமல் போன குஞ்சுகள் வரத்தான் செய்யும்.

செல்லை நேரடியாகப் பார்க்க, தண்டுவடத்தில் ஒளிரும் டெக்ஸ்ட்ரான் சாயத்தை ஏற்றினால் அது ஆக்சான் வழியே மேலேறி, மறுநாள் பின்மூளையில் மாத்னர் செல்லை ஒளிர வைக்கும். ஒரு செல்லை மட்டும் லேசரால் அழித்தால் எதிர்ப்பக்க வளைவு மட்டும் குறைய வேண்டும். இரு பக்கமும் குறைந்தால் லேசர் சுற்றுப்புறத்தையும் சுட்டிருக்கிறது. அதே குஞ்சில் நெடுந்தாமதத் துள்ளல் மிஞ்சியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவே உள்ளே கட்டிய ஒப்பீடு.

கால்சியம் உணரி (செல் சுடும்போது ஒளிரும் புரதம்) கொண்ட குஞ்சை 2 சதவீத தாழ்வெப்ப அகரோஸ் என்ற கூழில் தலையைப் பதித்து, வாலை விடுவித்து, நுண்ணோக்கியில் வைக்கலாம். மாத்னர் செல் ஒரு முறை சுட்டாலும் தெளிவாக மின்னும். ஆனால் அந்த மின்னல் அணைய நூற்றுக்கணக்கான மில்லிவினாடி ஆகும். செல் சுட்டதா என்று அது சொல்லும், எப்போது சுட்டது என்று சொல்லாது. நேரத்தை வாலிடம்தான் கேட்க வேண்டும். இன்னொன்று, நுண்ணோக்கியின் ஆடிகள் அசையும்போதே ஒலி எழுப்பும். படம் எடுக்கத் தொடங்கியவுடன் குஞ்சு அந்த ஒலிக்கே பாதி பழகியிருக்கும். வருடியை ஓடவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்து தொடங்குங்கள். அகரோசுக்குள் தலை ஆடும் விதமும் வேறு என்பதால், மிதக்கும் குஞ்சின் வலிமை அளவை இங்கே அப்படியே எடுக்காமல் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

இடமா வலமா

மேலும் கீழும் ஆடும் தட்டு, ஒலி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று மீனுக்குச் சொல்வதில்லை. ஆகவே கூட்டமாகப் பார்த்தால் பாதி இடமும் பாதி வலமும் வளைய வேண்டும். ஒரு பக்கம் எழுபது சதவீதம் என்று வந்தால் மீனை விட்டுவிட்டுத் தட்டைச் சோதியுங்கள். அது சாய்ந்து ஆடுகிறது.

திசையைத்தான் அளக்க வேண்டும் என்றால் இந்தக் கருவியே உதவாது. நீரின் அசைவு ஒரு கோட்டைக் காட்டும். அந்தக் கோட்டின் எந்த முனையில் ஒலி பிறந்தது என்று காட்டாது. அழுத்தம் ஏறும்போது நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒப்பிட்டு மீன் அதைத் தெரிந்துகொள்ளும் என்பது 1970-களிலிருந்து இருந்த ஊகம். 2024-இல் பெர்லின் ஆய்வாளர்கள் டேனியோனெல்லா செரிப்ரம் என்ற 12 மி.மீ. மீனில் அதை மெய்ப்பித்தார்கள். பல ஒலிபெருக்கிகளை வைத்து அழுத்தத்தை மட்டும் தலைகீழாக்கி, அசைவை அப்படியே விட்டார்கள். மீன் ஒலிபெருக்கியை விட்டு விலகுவதற்குப் பதில் அதை நோக்கிப் பாய்ந்தது. உங்கள் தொட்டியில் இதைச் செய்ய, அழுத்தத்தை நீரொலி வாங்கியாலும் அசைவை முடுக்க உணரியாலும் மீன் இருக்கும் அதே புள்ளியில் தனித்தனியாக அளந்து, சுவர்களிலிருந்து திரும்பும் ஒலியை எதிர் அலையால் கழித்தாக வேண்டும். அதற்குக் குஞ்சும் வேண்டாம். காற்றுப்பையையும் காதையும் இணைக்கும் எலும்புகள் முழுதாக வளர்ந்த மீனை எடுங்கள்.